தகர எஞ்சினுக்குக் காப்புறுதி

ஆயுளுக்குக் காப்புறுதி செய்வோரை நாம் அறிவோம். மோட்டார் வண்டிக்குக் காப்புறுதி செய்யாவிடிற் சட்டம் விடாது. விளையாட்டுப் புகையிரதத்துக்குக் காப்புறுதி செய்வாரும் உளரோ என்று வாசகர்கள் நகைத்தல் கூடும். எமது தங்கையின் மகன் இந்தப் பேச்சை முதன்முதல் எடுத்தபோது நாமும் நகைக்கத்தான் செய்தோம். தங்கை நகைக்கவில்லை. அவள் எழுந்து அடுக்களைப் பக்கம் போய்விட்டாள்.

எமது ஊர் திருக்கோவில். கிழக்கே கடல், கடலைப் பார்த்தபடி சித்திர வேலாயுத சுவாமி கோயில், மேற்கே வயல். புகையிரதப் பாதை எங்கள் கரைக்கு வந்ததேயில்லை. மாகோவிலிருந்து கல்லோயாச் சந்தி வழியாக வரும் பாதை 1928 ஆம் ஆண்டில் மட்டக்களப்பை எட்டி, அங்கேயே நின்றுவிட்டது. அந்த நிலையம் எங்கள் ஊருக்கு எழுபது கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. அதனால் எங்களூர்ப் பிள்ளைகளுக்குக் 'கோச்சி' என்பது கதையில் வரும் யானை போன்றதொரு பொருள்.

எமது தந்தையார் 1958 ஆம் ஆண்டில் மட்டக்களப்புப் புகையிரத நிலையத்திற் பொதிக் கந்தோர் இலிகிதராகச் சேர்ந்தார். இரு கிழமைக்கு ஒருமுறை பஸ்ஸில் வீடு வருவார். வரும்போதெல்லாம் நாமும் தங்கையும் கோச்சி எப்படி இருக்கும் என்று கேட்டுக் கேட்டு அவரை அலுக்கச் செய்தோம் போலும். வாயாற் சொல்லிப் பார்த்தார். மண்ணிற் கீறிப் பார்த்தார். கடைசியில் ஒரு பால்பேணியை வெட்டத் தொடங்கினார்.

அவர் செய்த முதல் எஞ்சினின் கொதிகலம் அந்தப் பால்பேணிதான். தண்டவாளம், பழைய குடைகளின் கம்பி. பெட்டிகள், தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகை. சில்லுகளுக்கு மட்டும் வழி தெரியவில்லை. கல்முனையிலே கடைச்சற் பட்டறை வைத்திருந்த ஒரு காக்காவிடம் போய்ப் பித்தளையிற் பன்னிரண்டு சில்லுகள் கடைந்து தரும்படி கேட்டாராம். "இவ்வளவு சின்னச் சில்லு எந்த வண்டிக்கு?" என்று காக்கா கேட்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் வேலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு அன்றைக்கே கடைந்து கொடுத்தார். பின்னர் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தையொட்டித் தம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, தாம் கடைந்த சில்லுகள் ஓடுவதைப் பார்த்துப் போனார்.

இலங்கைத் தண்டவாளத்தின் அகலம் ஐந்தடி ஆறங்குலம். தந்தையார் ஓரடிக்குக் காலங்குலம் என்று கணக்கு வைத்தார். அதன்படி எங்கள் விறாந்தைப் பாதையின் அகலம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கையாற் தள்ளினாலன்றி அந்த எஞ்சின்கள் ஓடா. ஆயினும் ஒவ்வொன்றும் மட்டக்களப்பு நிலையத்தில் அவர் கண்ணாற் கண்டு, நாடாவால் அளந்து வந்த எஞ்சினாகும். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா தேசம் 1950களில் நமக்கு அளித்த டீசல் எஞ்சின்களில் அவருக்குத் தனிப் பிரியம். அவற்றுக்குக் கனடாவின் மாகாணப் பெயர்களை இட்டிருந்தார்கள். அவ்வகையில் ஒன்றை முழுக்கத் தகரத்திலே செய்தார். இவ்வாறு நாற்பது ஆண்டுகளிற் பதினொரு எஞ்சின்களும் முப்பத்தாறு பெட்டிகளும் சேர்ந்தன.

அவற்றைக் காக்க அவர் கைக்கொண்ட ஏற்பாடு முதிரைப் பலகையாற் செய்த ஒரு பெட்டகம். 1978 நவம்பர் 23 ஆந் திகதி இரவு வீசிய சூறாவளியில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தன, பெட்டகம் அசையவில்லை. மறுநாட் காலை மழைத் தண்ணீரில் நின்றபடி அதைத் திறந்து பார்த்த தந்தையார், "ஒன்றும் ஆகவில்லை" என்று தாயாரிடம் சொன்னார். தாயார் கூரையைக் காட்டினார். இக்கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது பின்னர் எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. அந்தப் பெட்டகத்தின் மேல் எங்கள் எல்லோருக்கும் அளவு மீறிய நம்பிக்கை வந்ததும் அதனாலேதான்.

2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம். அக்காலையிற் கடல் செய்ததை இந்தக் கரையார் எவருக்கும் நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பெற்றோரும் தங்கையின் குடும்பத்தாரும் அன்று மேற்கே வயற்புறத்தில் உறவினர் வீடொன்றுக்குப் போயிருந்தமையால் தப்பினர். வீட்டின் ஒரு சுவரும் கிணற்றுக் கட்டும் மிஞ்சின. சூறாவளிக்கு அசையாத முதிரைப் பெட்டகம் இருந்த இடமே தெரியவில்லை. அயல் வளவில் ஐந்து பேர் போயினர். அவர்களுள் இருவர் எங்கள் விறாந்தையில் எஞ்சின் தள்ளி விளையாடிய பிள்ளைகள்.

அப்படியான நாட்களில் விளையாட்டுச் சாமானைப் பற்றி எவர்தாம் வாய் திறப்பார்? தந்தையார் திறக்கவில்லை. அதே காலையில் தெற்குக் கரையிலே பெரலிய என்னுமிடத்தில், கொழும்பிலிருந்து சென்ற புகையிரதத்தை அலை புரட்டிப் போட்டதையும், அதிலே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டதையும் பத்திரிகையிற் படத்துடன் கண்டோம். தந்தையார் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்திருந்து, "கனடா எஞ்சின்" என்று மட்டும் சொன்னார். ஆம், அஃது 591 ஆம் இலக்க 'மனிட்டோபா'. பின்னர் அதனைத் திருத்தி மீண்டும் ஓட விட்டார்கள். நினைவு நாட்களில் அது பெரலியவுக்குப் போய் நின்றிருக்கிறது.

இரு கிழமை கழித்து, தாழம் புதருக்குள் ஒரு தகரத் துண்டு கிடப்பதாக ஒரு பையன் வந்து சொன்னான். போய்ப் பார்த்தால் தந்தையாரின் கனடா எஞ்சின். முகப்பு நசுங்கியிருந்தது, வர்ணம் முழுவதும் போயிருந்தது. மணலைக் கிளறியதில் நான்கு பெட்டிகளும் பதினேழு பித்தளைச் சில்லுகளும் அகப்பட்டன. வேறொன்றும் கிடைக்கவில்லை.

இழப்பு விபரம் எழுத உத்தியோகத்தர்கள் வந்தபோது தந்தையார் கட்டில், கதிரை, அலுமாரி, சைக்கிள், வானொலிப் பெட்டி என்று சொல்லிக்கொண்டு போனார். பக்கத்தில் நின்ற தங்கை மகனுக்கு அப்போது பத்து வயது. "அம்மப்பா, கோச்சிகளைச் சொல்லவில்லையே?" என்றான். "அதெல்லாம் வீட்டுச் சாமானா, மகன்?" என்று கேட்டுவிட்டு, அடுத்ததாக அம்மியைச் சொன்னார் தந்தையார்.

2011 ஆம் ஆண்டில் அவர் காலமானார். அதன் பின்னர் அவருடைய உடுப்புப் பெட்டியில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி இருந்தது. கடல் கொண்டுபோன எஞ்சின்களும் பெட்டிகளும் அத்தனையும் அதிலே வரிசையாக எழுதப்பட்டிருந்தன: செய்த ஆண்டு, நீளம், எதனாற் செய்தது, எந்த வண்டியைப் பார்த்துச் செய்தது. எல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதியவை. முதல் எஞ்சினுக்கு எதிரில், 'சில்லு 12, ஒன்று 50 சதம், ஆக ரூ. 6' என்ற கல்முனைக் காக்காவின் கணக்கும் இருந்தது. கொப்பி முழுவதிலும் பணத்தைப் பற்றிய குறிப்பு அஃதொன்றே.

தங்கை அடுக்களைக்கு எழுந்து போனதன் காரணத்தை வாசகர்கள் இப்போது அறிவர். இனி மருமகனின் விஷயத்துக்கு வருவோம்.

அவன் இங்கிலாந்திற் சில ஆண்டுகள் படித்தும் உழைத்தும் திரும்பி வந்தவன். வரும்போது மூன்று மரப்பெட்டிகளிற் பதினான்கு எஞ்சின்களைக் கொண்டுவந்தான். லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹோர்ன்பி என்பவர் பெயரால் 1920 முதல் வெளிவரும் புகையிரதங்களே அவற்றுட் பெரும்பாலானவை. பதினாறரை மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்தில் மின்சாரத்தால் ஓடுபவை. அம்மப்பாவின் பாதையில் இவை ஓடமாட்டா. சில்லுகள் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே விழுந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் அவனிடம் பற்றுச்சீட்டு உண்டு.

காப்புறுதி எண்ணம் அவனுக்கு வந்ததும் அங்கேதான். 2019 மே மாதத்தில் ஸ்டாம்ஃபோர்ட் என்னும் ஊரிலே, மார்க்கெட் டீப்பிங் மாதிரிப் புகையிரதக் கழகத்தார் ஒரு பாடசாலை மண்டபத்திற் கண்காட்சிக்கு எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். இரவிலே நான்கு இளைஞர் உள்ளே புகுந்து அனைத்தையும் மிதித்து நொறுக்கிவிட்டனர். செய்தி பரவியதும் ஒரு இலட்சம் பவுணுக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. பாடகர் றொட் ஸ்ருவேட் பத்தாயிரம் பவுண் கொடுத்தார். அவரும் வீட்டிலே பெரியதொரு மாதிரிப் புகையிரத நகரத்தை ஆண்டுக்கணக்காகக் கட்டியவர். ஆனால் உடைந்தவற்றுட் சில, ஒரு மனிதர் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து செய்தவை. "காசு வந்தது, மாமா. அந்த இருபது வருஷத்தை எங்கே வாங்குவது?" என்றான் மருமகன். அப்படியானாற் காப்புறுதி எதற்கு என்று நாம் கேட்டோம். "வாங்கக் கூடியதையாவது திரும்ப வாங்கலாமே" என்றான். நியாயமான மறுமொழிதான்.

கடல் கொண்ட வீட்டு நிலம் 2005 ஆம் ஆண்டில் அரசாங்கம் கிழக்குக் கரைக்கு விதித்த இருநூறு மீற்றர்த் தடை எல்லைக்குள் அகப்பட்டது. அந்த விதியைப் பிற்பாடு தளர்த்தினார்கள். ஆயினும் தங்கை திரும்பிப் போக விரும்பவில்லை. பிரதான வீதிக்கு மேற்கே மாடி வீடு கட்டினாள். காப்புறுதி அலுவலர் அவ்வீட்டுக்குத்தான் வந்தார். நிந்தவூரைச் சேர்ந்த இளைஞர், பொறுமைசாலி. முன்மொழிவுப் படிவத்தை விரித்ததும் வந்த முதற் கேள்வியே சிக்கலாயிற்று. பொருள் யாருடையது?

எங்கள் பக்கத்து வழக்கம் வெளியூரார்க்கு வியப்பாக இருக்கும். வீடு பெண்ணுக்கு உரியது. மணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போவான். நாமும் அவ்வாறே தம்பிலுவிலுக்குப் போனவர்கள். ஆகவே வீடு தங்கையுடையது. வாங்கிய எஞ்சின்கள் அவள் மகனுடையவை. தகர எஞ்சினும் நான்கு பெட்டிகளும் தந்தையார் எவர் பெயருக்கும் எழுதாமல் விட்டவை. ஒரு பொருள் அழிந்தால் எவருக்கு நட்டமோ அவரே அதற்குக் காப்புறுதி செய்யலாம் என்பது விதி. "அப்படியென்றால் மூத்த மகன் நீங்கள், சேர்" என்றார் அலுவலர். நாம் தங்கையைப் பார்த்தோம். "வீட்டோடு இருந்த சாமான்" என்று அவள் சொன்னாள். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

பின்பு அவர் சொன்ன சில விஷயங்களை, வீட்டில் எதையேனும் சேர்த்து வைப்போர் கேட்டறிதல் நன்று. தபால் முத்திரை சேர்க்கும் மாணவர்க்கும் இவை பொருந்தும். சாதாரண வீட்டுக் காப்புறுதியில், தளபாடம் என்ற ஒரே சொல்லுக்குள் இத்தகைய சேகரம் அடங்கிவிடும் என்று நம்பியிருத்தல் ஆகாது. தனிப்பொருளுக்குக் கொடுக்கும் தொகைக்குப் பல பத்திரங்களில் எல்லை உண்டு. ஆதலால் ஒவ்வொன்றையும் பெயர், இலக்கம், விலை, புகைப்படம் ஆகியவற்றுடன் தனியே பட்டியலிட வேண்டும். தீக்காப்புறுதி என்பது தீயோடும் இடியோடும் நின்றுவிடலாம். வெள்ளம், சூறாவளி, சுனாமி ஆகியன சேர்க்கப்பட்டுள்ளனவா என்று பத்திரத்தின் வரிகளிலே தேடிப் பார்த்தல் வேண்டும். நாம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தேடினோம். இருந்தது. கண்காட்சிக்கு எடுத்துச் சென்றால் வழியில் நேரும் சேதத்துக்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டும்.

மருமகன் இங்கே ஒரு கெட்டித்தனம் செய்யப் பார்த்தான். சேகரத்தின் பெறுமதி பன்னிரண்டு இலட்சம் ரூபா. கட்டுப்பணத்தைக் குறைப்பதற்காக ஆறு இலட்சத்துக்கு எழுதலாமே என்றான். எல்லாம் ஒருமிக்கவா அழியப் போகின்றன என்பது அவன் வாதம். அலுவலர் கடதாசியிற் கணக்குப் போட்டுக் காட்டினார். பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்தவர், மறுபாதிக்குத் தாமே பொறுப்பேற்றவராகக் கருதப்படுவார். இரண்டு இலட்சத்துக்குச் சேதம் வந்தால் அவர் கைக்கு ஒரு இலட்சமே வரும். மருமகன் வாயை மூடிக்கொண்டான். மிகைப்படுத்தி எழுதுவதாலும் பயனில்லை. நட்டத்துக்கு மேல் ஒரு சதமும் தரமாட்டார்கள்.

துருவுக்கும் கறையானுக்கும் காப்புறுதி கிடையாது. நாட்பட நாட்பட நேரும் கேடு சொந்தக்காரர் பொறுப்பே. பொருளின் உள்ளேயே இருக்கும் குறைக்கும் நட்டஈடு இல்லை. மருமகனின் பழைய எஞ்சின்களில் ஒன்று இதற்குச் சாட்சி. முற்காலத்தில் நாகக் கலவையை வார்க்கும்போது அதில் ஈயம் சிறிது கலந்துவிட்டால், ஆண்டுகள் செல்ல உலோகம் உள்ளிருந்தே வெடித்து ஊதிப் பிஸ்கற் போல உதிரும். ஈரக்காற்று அதனை விரைவுபடுத்தும். இங்கிலாந்தில் எண்பது வருஷம் தாக்குப்பிடித்த அதன் முகப்பு, எங்கள் கடற்காற்றில் ஒரு மாரி முடியுமுன் பிளந்துவிட்டது. எவரிடம் போய் முறையிடுவது?

எனவே பாதுகாப்பின் பெரும்பகுதி கைவேலையாகவே அமைந்தது. கண்ணாடி அலுமாரி மேல்மாடிக்கு ஏறிற்று. அதன் கால்கள் மண்ணெண்ணெய் விட்ட கிண்ணங்களில் நிற்கின்றன. தட்டுத்தோறும் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதிகள் உண்டு. இரும்புத் தண்டவாளங்களைக் கழற்றிவிட்டு நிக்கல் வெள்ளித் தண்டவாளங்களை இட்டான். பெயரிலன்றி அதில் வெள்ளி இல்லை, செம்பும் நிக்கலும் நாகமுமே உள. பட்டியலும் படங்களும் அவ்வீட்டில் மாத்திரம் இருந்தால் வீட்டோடு அவையும் போகும். அதனால் ஒரு பிரதி எம்மிடம் தம்பிலுவிலிலும், ஒன்று அலுவலரிடத்திலும் இருக்கின்றன.

கடைசியாகத் தகர எஞ்சினின் முறை வந்தது. அலுவலர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பற்றுச்சீட்டு உண்டா என்று கேட்கவில்லை. கேட்பதற்கு அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறோம். இரு தரப்பாரும் முன்கூட்டியே ஒரு பெறுமதிக்கு இணங்கி எழுதிக்கொள்ளும் முறை உண்டென்றும், என்ன எழுதலாம் என்றும் கேட்டார். மருமகன் ஒரு இலட்சம் என்றான். நாம் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினோம். அவர் பக்கம் பக்கமாக வாசித்தார். இல்லாத எஞ்சின்களின் பட்டியலை ஒருவர் அத்தனை கவனமாக வாசித்ததை நாம் கண்டதில்லை. முதற் பக்கத்துக்கு மீண்டும் வந்து, "ஆறு ரூபா என்று ஒரு கணக்குக் கிடக்கிறது, சேர்" என்றார்.

"அப்பா எழுதினது அவ்வளவுதானே. அதையே போடுங்கள், தம்பி" என்றாள் தங்கை.

"அது வேறோர் எஞ்சின், அம்மா" என்றான் மருமகன்.

"சில்லு அதே காக்கா கடைந்தது" என்றாள் அவள்.

ஆறு ரூபாவுக்குப் பட்டியலில் ஒரு வரி போட முடியாது என்று அலுவலர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரு இலட்சம் எழுதத் தங்கை சம்மதிக்கவில்லை. கடல் மறுபடி வந்து எடுத்துக்கொண்டுபோய், எவரோ ஒருவர் ஒரு இலட்சம் ரூபாவைக் கையிலே கொண்டுவந்து தந்தால், அந்தக் காசை வீட்டில் எங்கே வைப்பது என்று கேட்டாள். எவரும் விடை சொல்லவில்லை. படிவத்தில் மருமகனின் பதினான்கு எஞ்சின்களும் ஏறின. உள்ளே பிளந்த எஞ்சினை அலுவலரிடம் மறைக்காமற் காட்டி, அதன் விலையைக் குறைத்து எழுதினோம். முன்மொழிபவர் தாம் அறிந்ததை ஒளிக்கலாகாது என்பதும் காப்புறுதியின் விதியே.

தகர எஞ்சினும் நான்கு பெட்டிகளும் பதினேழு சில்லுகளும் கொப்பியோடு எம்மிடம் வந்திருக்கின்றன. கடலுக்குச் சற்று எட்ட உள்ள வீடு எமது என்பதால் தங்கையே கொண்டுவந்து தந்தாள். நெல் மூட்டை வைக்கும் அறையில், மச்சின் மேல், ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் இருக்கின்றன. எலி வராதிருக்க மூடியின் மேல் ஓர் அம்மிக்குழவியை வைத்திருக்கிறோம். அது காணாமற் போய்விட்டதென்று எமது மனைவியார் மூன்று நாள் தேடினார். மாரி தொடங்குமுன் சிலிக்காப் பொதியை மாற்ற வேண்டும், மருமகனிடம் சொல்லியிருக்கிறோம்.